டென்னிஸ் பார்க்கிறதுன்னா எனக்கு உயிர், ஆனா ராக்கெட் பிடிச்சதே இல்லை. 44 வயசுல, கோவை - ஈரோடு பக்கம் இருந்துக்கிட்டு ஆட ஆரம்பிக்க முடியுமா? டென்னிஸ்தான் ஆடணுமா?

தாராளமா ஆரம்பிக்கலாமுங்க. டென்னிஸ் கோர்ட் கிடைச்சாத்தான்னு காத்திருக்க வேண்டாம். ஷட்டிலோ (அதாவது பேட்மின்டன்), பூப்பந்தோ, டென்னிஸோ, பக்கத்துல எது இருக்கோ அதுல இறங்குங்க. இத்தனை வருஷம் டிவியில பார்த்தது ஒண்ணும் வீண் போகாது. இனிமே பார்க்கிற இடத்தை மட்டும் மாத்திக்கங்க. பந்தை விட்டுட்டு ஆடறவங்க காலைப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே பெரிய விஷயம் இதுதான், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடி வர்றதுதான்.

நான் ஈரோட்டுல ஒரு மஞ்சள் மண்டியில கணக்கு எழுதறேன். ஐம்பதை நெருங்கிட்டேன். டென்னிஸ் பித்து பிடிச்சது ஸ்டெஃபி கிராஃப் காலத்துல. 1988-ல நாலு கிராண்ட்ஸ்லாமும் ஜெயிச்சு, அதே வருஷம் சியோல் ஒலிம்பிக்ஸ் தங்கத்தையும் வாங்கினாங்க. எங்க வளவுல ஒரே ஒரு வீட்டுலதான் டிவி. தூர்தர்ஷன்ல விம்பிள்டன் பைனல் போட்டா வாசப்படி வரைக்கும் ஆளுக உட்கார்ந்திருப்பாங்க. எல்லாரும் கிராஃபோட ஃபோர்ஹேண்டைப் பத்தியே பேசுவாங்க. ஃபோர்ஹேண்ட்னா மட்டை பிடிச்ச கைப்பக்கத்துல அடிக்கிறது, பேக்ஹேண்ட்னா அதுக்கு எதிர்ப்பக்கம். பந்து பேக்ஹேண்ட் பக்கம் வந்தாக்கூட கிராஃப் சுத்திப் போய் ஃபோர்ஹேண்டாவே அடிப்பாங்க. அப்படி அடிக்க முடிஞ்சதே காலாலதான். பந்து வந்து சேர்றதுக்குள்ள சின்னச் சின்னதா எட்டு வச்சு, உடம்பைத் திருப்பி, சரியான தூரத்துல போய் நின்னிருப்பாங்க. கை அதுக்கப்புறம்தான் வேலை செய்யும்.

இது எனக்குப் புரிஞ்சதுக்குக் காரணம் டென்னிஸ் இல்லை, பூப்பந்து. கோபிசெட்டிபாளையம் பக்கம் நான் படிச்ச அரசுப் பள்ளிக்கூடத்துல அதுதான் ஆட்டம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: பக்கத்துக்கு அஞ்சு பேர், கம்பளி நூல்ல செஞ்ச மஞ்சள் பந்து, மர மட்டை, 24 மீட்டர் நீளம் 12 மீட்டர் அகலத்துல செம்மண் களம். பந்து தரையில விழவே கூடாது. தஞ்சாவூர் அரச குடும்பத்துல இருந்து பரவுன ஆட்டம்னு சொல்லுவாங்க. நம்ம பள்ளிக்கூடங்கள்ல இன்னமும் உயிரோட இருக்கு. உங்க ஊர் பள்ளி மைதானத்துல சாயங்காலம் போய்ப் பாருங்க, பழைய ஆட்டக்காரங்க யாராவது கண்டிப்பா இருப்பாங்க. ஒரு ஆளைச் சேர்த்துக்கறதுக்கு அவங்க முகம் சுளிச்சு நான் பார்த்ததில்லை.

கால் விஷயத்துக்கு வர்றேன். எதிராளி மட்டை பந்தைத் தொடற அந்த நொடியில, இந்தப் பக்கம் நிக்கிறவங்க ரெண்டு காலையும் லேசா தரையை விட்டுத் தூக்கி, அகலமா ஊன்றி இறங்குவாங்க. ஸ்ப்ளிட் ஸ்டெப்னு பேரு. ஒரு அங்குலம் உயரம்கூட இருக்காது. ஆனா இறங்கும்போது முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்துல இருக்கும். அப்ப பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் உதைச்சுக் கிளம்பிடலாம். குதிகால்ல நிக்கிறவங்க முதல்ல நிமிர்ந்து, அப்புறம் சாய்ஞ்சு, அப்புறம்தான் ஓட ஆரம்பிப்பாங்க. அதுக்குள்ள பந்து தாண்டிப் போயிருக்கும். வயசானவங்களால எட்ட முடியலைங்கிறதுல பாதி, ஓட்டம் குறைஞ்சதால இல்லைங்க, கிளம்பறது தாமதமாகறதால. கிளம்பறதைப் பழகிக்கலாம். அதுக்கு 20 வயசு தேவையில்லை.

அடுத்த மேட்ச் பார்க்கும்போது இப்படிச் செய்யுங்க. சத்தத்தைக் குறைச்சுட்டு, ஒரு செட் முழுக்க ரிட்டர்ன் பண்றவரை, அதாவது சர்வைத் திருப்பி அடிக்கிறவரை மட்டும் பாருங்க. கண்ணு பந்துகூடவே ஓடும், இழுத்துப் பிடிச்சு வைக்கணும். 2025 பிரெஞ்ச் ஓபன் பைனல்ல அல்காரஸ் நாலாவது செட்டுல 3-5, 0-40-னு நின்னார். எதிர்ல ஆடின சின்னருக்கு மூணு சாம்பியன்ஷிப் பாயின்ட், அதுல ஒண்ணை எடுத்தாலே பட்டம் அவருக்கு. மூணையும் தப்பிச்சு, 5 மணி நேரம் 29 நிமிஷம் ஆடி சின்னரை ஜெயிச்சார். பிரெஞ்ச் ஓபன் பைனல்கள்லயே அதுதான் நீளமானது. நமக்கு இங்க ராத்திரி பன்னெண்டு ஆயிடுச்சு. நான் அதை மறுபடியும் போட்டுப் பார்த்தது ஷாட்டுக்காக இல்லை. அஞ்சாவது செட் முடியற நேரத்துலயும் ரெண்டு பேருமே அந்தச் சின்னக் குதியை விடலை. அத்தனை நேரம் ஓடின காலு!

இன்னொண்ணும் டிவியில இருந்தே கத்துக்கலாம்: ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுல என்ன பண்றாங்கன்னு. ஒரு பாயின்ட் முடிஞ்சு அடுத்த சர்வுக்கு 25 விநாடி இருக்கு. நடால் அதை எப்படிச் செலவழிப்பார்னு உங்களுக்கே தெரியும்: துண்டு, முகம், மூச்சு, அப்புறம்தான் கோடு. அஞ்சு மணி நேர மேட்ச்னு சொன்னாலும் பந்து ஆட்டத்துல இருக்கிற நேரம் அதுல சின்னப் பங்குதான். 40-க்கு மேல ஆட வர்றவங்க பெரும்பாலும் இந்த இடைவெளியை எடுத்துக்கறதே இல்லை. பந்தைப் பொறுக்கின கையோட அடுத்த சர்வைப் போட்டுடறாங்க, கால் மணி நேரத்துல மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நடந்து போய்ப் பந்தை எடுங்க. ரெண்டு மூச்சு நல்லா இழுத்து விடுங்க. ஒரு மணி நேரம் தெம்பா ஆடலாம்.

உடம்புக்கு நல்லதான்னு கேட்டா, ரெண்டு ஆய்வைச் சொல்றேன். பிரிட்டன்ல 80,306 பேரை வச்சு 2016 கடைசியில வெளிவந்த ஆய்வுல, ராக்கெட் விளையாட்டு ஆடறவங்களுக்கு ஆடாதவங்களைவிட மரண வாய்ப்பு 47 சதவீதம் குறைவா இருந்துச்சு. இதய, ரத்தநாள நோயால வர்ற மரணம் 56 சதவீதம் குறைவு. கோபன்ஹேகன்ல சுமார் 8,500 பேரை 25 வருஷம் வரைக்கும் கவனிச்ச ஆய்வு 2018-ல வந்துச்சு. அசையாம இருக்கறவங்களைவிட டென்னிஸ் ஆடறவங்க ஆயுள் 9.7 வருஷமும், பேட்மின்டன் ஆடறவங்க ஆயுள் 6.2 வருஷமும் கூடுதல்னு கணக்கு வந்துச்சு. மெதுவோட்டக்காரங்களுக்கு 3.2 வருஷம்தான். இதை அப்படியே ஆட்டத்தோட கணக்குல மட்டும் எழுதிட முடியாது. டென்னிஸ் ஆட வசதி உள்ளவங்க ஏற்கனவே நல்லா சாப்பிட்டு, நல்ல வைத்தியம் பார்த்து இருக்கறவங்களா இருக்கலாம். ஆனா ஒண்ணு நிச்சயம்: இந்த ஆட்டத்துக்கு இன்னொரு ஆள் வேணும். காலையில அஞ்சரைக்கு நாலாவது ஆளா உங்களை எதிர்பார்த்து மூணு பேர் நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா படுத்திருக்க மனசு வராது. தனியா நடக்கப் போறவங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நம்ம ஊர்ல டென்னிஸைவிட ஷட்டில் பெருகினதுக்கு இடம்தான் காரணம். டென்னிஸ் கோர்ட் 78 அடிக்கு 36 அடி. சுத்தி ஓட இடம் விட்டா 120-க்கு 60 வேணும். ஷட்டில் கோர்ட் 44-க்கு 20 தான். பழைய தறிக்கூடம், குடோன்னு ஒரு தகரக் கூரை இருந்தா ரெண்டு மூணு கோர்ட் போட்டு மணிக்கணக்குல வாடகைக்கு விட்டுடறாங்க. நாங்க ஆடறதும் முன்னே தறி ஓடிக்கிட்டிருந்த கட்டடத்துலதான்.

காத்தையும் யோசிக்கணும். மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டருக்குத் திறந்து கிடக்கு. வைகாசிக் கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் தென்மேற்குக் காத்து அதுவழியா நேரா கொங்கு நாட்டுக்குள்ள வருது. பல்லடம், உடுமலை பக்கம் காத்தாலை நிறைஞ்சு நிக்கிறது அதனாலதான். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க. அஞ்சு கிராம் எடை, 16 இறகு இருக்கிற ஷட்டில் என்ன ஆகும்? வீட்டு வாசல்லயும் மொட்டை மாடியிலயும் ஆட ஆரம்பிச்சவங்க அந்த மாசங்கள்ல வெறுத்துப்போய் மட்டையைப் பரண்ல போட்டுடறாங்க. அப்படி விட்டுடாதீங்க. காத்து மாசத்துல உள்ளரங்கத்துக்குப் போயிடுங்க, இல்லைன்னா பூப்பந்துக்கு மாறுங்க. அந்தப் பந்து ஷட்டிலைவிட கனம், இந்தக் காத்தை ஓரளவு தாங்கும். டென்னிஸ் ஆடறவங்க சர்வுக்குப் பந்தை ரொம்ப உயரமா தூக்கிப் போடாம இருக்கணும். சித்திரை, வைகாசி வெயில்ல ஏழு மணிக்கு மேல வெளிக்களத்துல நிக்கவே வேண்டாம்.

சிங்கிள்ஸ்ல இறங்காதீங்க. டபுள்ஸ் ஆடுங்க. நம்ம மேட்டூரைத் தாண்டி, காவிரி பிறக்கிற குடகு நாட்டுக்காரர் ரோஹன் போபண்ணா, 2024 ஜனவரியில மேத்யூ எப்டன்கூட ஆஸ்திரேலிய ஓபன் டபுள்ஸ் பட்டத்தை வாங்கும்போது அவருக்கு 43 வயசு. அதே போட்டியில உலக முதலிடத்துக்கும் போனார், அந்த வயசுல அந்த இடத்துக்கு வந்தவங்க முன்னே யாரும் இல்லை. முழங்கால் தேய்மானத்தோட ஆடினவர். ஐயங்கார் யோகா உதவுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார்.

வேகம் இல்லாம ஜெயிக்கிறதுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே பாடம் இருக்கு. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினவர். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனோட சர்வுக்கு வேகமே கிடையாது. ஆனா 1989 ஆஸ்திரேலிய ஓபன்ல அப்ப உலக முதலிடத்துல இருந்த வில்லாண்டரைத் தோற்கடிச்சார். பந்தை எங்க வைக்கணும்னு தெரிஞ்ச கை அது. எங்க குழுவுல ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் இருக்கார், எழுபது தாண்டிட்டார். நெட்டுக்குப் பக்கமா ரெண்டு, மூலைக்கு ஒண்ணுன்னு வச்சே காலேஜ் பசங்களை மூச்சு வாங்க வச்சிடுவார். நான் அவசரப்பட்டு வீசும்போதெல்லாம், "அம்மணி, கையை அப்புறம் வீசலாம், காலை முதல்ல எடுத்து வை"ம்பார். "சரிங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் பின்னாடி நகர்வேன். அவர் சொல்றதும் கிராஃப் காட்டினதும் ஒண்ணுதான்.

சாமான் விஷயத்துல செருப்புக் கடைக்காரங்க பேச்சைக் கேட்காம ஒண்ணை மட்டும் பிடிவாதமா வாங்குங்க: கோர்ட் ஷூ. ஓட்டத்துக்கான ஷூ நேரா முன்னாடி போறதுக்குச் செஞ்சது. அடிப்பாகம் உயரமா, மெத்துன்னு இருக்கும். பக்கவாட்டுல ஊன்றினா கணுக்கால் புரண்டுக்கும். உள்ளரங்கம்னா ரப்பர் அடிப்பாகம், தரையில கறை விழாதது. மட்டைக்கு ஆரம்பத்துல பெரிய பணம் போட வேண்டாம். டென்னிஸ் மட்டைன்னா 300 கிராமுக்குள்ள இருக்கட்டும். நரம்பை 50 பவுண்டுக்கு மேல முறுக்காம, பாலியெஸ்டர் இல்லாத மெதுவான நரம்பாப் போடச் சொல்லுங்க. முழங்கை வெளிப்பக்கம் வலிக்கிற டென்னிஸ் எல்போ, மணிக்கட்டைத் தூக்கற தசைநாண் களைச்சுப்போறதால வருது. பந்துக்குத் தாமதமாப் போய்ச் சேர்ந்து கையால மட்டும் இழுத்து அடிக்கிற பேக்ஹேண்ட் அதுக்கு ஒரு முக்கியக் காரணம். பார்த்தீங்களா, அங்கயும் கால்தான்.

டென்னிஸ்லயே ஆரம்பிக்கணும்னு ஆசை இருந்தா பச்சைப் புள்ளி போட்ட பந்து கேளுங்க. வழக்கமான பந்தைவிட வேகம் 25 சதவீதம் குறைவு. ஆரஞ்சுப் பந்துல பாதி வேகம்தான். சின்னப் பசங்களுக்குன்னு கடையில சொல்லுவாங்க, பெரியவங்க கத்துக்கறதுக்கும் அருமையான பந்து. கூட ஆள் வராத நாள்ல ஒரு சுவர் போதும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி ஏதாவது இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. இதுல வெட்கம் வேண்டாம். ஷட்டில்ல நெஞ்சுத்துடிப்பு சட்டுன்னு ஏறும். நெஞ்சு இறுகினாலோ தலை சுத்தினாலோ அந்த இடத்துலயே நிறுத்திடணும், கேம் பாயின்ட்டா இருந்தாலும் சரி. ஆடறதுக்கு முன்னே பத்து நிமிஷம் கெண்டைக்காலும் தோளும் சூடாகட்டும்.

ரசிகரா இருக்கிறதும் ஆடறதும் இடிச்சுக்காதான்னு எங்க குழுவுல புதுசா வர்றவங்க கேட்பாங்க. நேரத்தைப் பார்த்தா நல்லாவே ஒத்துப்போகுது. ஆஸ்திரேலிய ஓபன் நமக்குக் காலையில அஞ்சரைக்குத் தொடங்கும். ஆடி முடிச்சு வந்து பார்க்கலாம், பைனல் மத்தியானம். பாரிஸும் விம்பிள்டனும் மத்தியானத்துல இருந்து ராத்திரி வரைக்கும். அமெரிக்க ஓபன் ராத்திரி ஆட்டம் நமக்கு விடியகாலை நாலரை மணி, எங்க வீட்டுல மாட்டுக்குப் பால் கறக்க எந்திரிக்கிற நேரம். எங்க வீட்டுக்காரர் கறந்து முடிக்கறதுக்குள்ள ஒரு செட் பார்த்துட்டு, மட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். அப்பத்தான் பார்த்த கால் அசைவு அப்படியே கண்ணுல இருக்கும், கோர்ட்ல இறங்கினதும் தானா வரும்.

நீங்க ஈரோடு, பெருந்துறை, பவானி பக்கமா இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. எங்க குழுவுல செவ்வாயும் வியாழனும் நாலாவது ஆள் கிடைக்கிறது கஷ்டமா இருக்கு. மட்டை நான் கொண்டு வர்றேன், ஷூ மட்டும் நீங்க வாங்கிட்டு வாங்க.