வலசை போகும் பருந்துகளை எண்ணுகிறார்களாமே, அதெல்லாம் குத்துமதிப்புதானே?

கேள்வியைக் கேட்ட விதத்திலேயே தெரிகிறது: உங்கள் வீட்டில் யாரோ செப்டம்பர் மாதம் முழுக்கப் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், உங்களுக்குப் பொறுக்கவில்லை. என் மனைவியும் இதே சொல்லைத்தான் சொன்னாள். முப்பது வருடமாகக் கணக்காளராக இருப்பவனைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது.

நான் பறவையியல் படித்தவன் அல்லன். படித்தவர்கள் பிழையிருந்தால் திருத்துங்கள், அடிக்க வராதீர்கள். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஏரிக்கரைக் குன்றின் மேலுள்ள ஒரு பூங்காவில், எண்ணுகிறவர்களுக்குத் துணையாக ஆறு இலையுதிர்காலம் நின்றிருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

அந்தக் குன்று எதற்கு? பெரிய பருந்துகள் தூரப் பயணத்தில் சிறகடித்துக் களைப்பதில்லை. வெயிலில் சூடாகி நிலத்திலிருந்து எழும் காற்றில் ஏறி, அங்கிருந்து சறுக்கிப் போகும். ஒன்ராறியோ ஏரியின் மேல் அந்தக் காற்று எழாது. ஆகவே வடக்கிலிருந்து வருபவை, வேலியைக் கண்ட மாடு மாதிரி கரையோரமாகவே தென்மேற்கே திரும்பிவிடுகின்றன. நாங்கள் வேலியோரம் நிற்கிறோம்.

புரட்டாதி பிறக்கும் வாரத்தில், மழை விட்டு வடமேல் காற்று அடித்தால், தென்னமெரிக்காவுக்குப் போகும் பிராட்விங் பருந்துகள் நூற்றுக்கணக்கில் ஒரே சூட்டுக்காற்றில் சுழன்று ஏறும். அந்தச் சுழலுக்கு இங்கே 'கெட்டில்' என்று பெயர். கொதிக்கும் தேநீர்க் கெட்டில்தான்.

நான் முதன்முதலில் கண்ட கெட்டிலை, சுழலும்போதே எண்ணினேன். கையில் அழுத்தினால் ஒன்று கூடும் எண்ணுமானி. கட்டைவிரல் நோகும்வரை அழுத்தி, 412 என்று பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் சிவப்புக் குளிரங்கி போட்ட அம்மையார், ஓய்வுபெற்ற பள்ளிப் பஸ் ஓட்டுநர், கண்ணைப் பைனாகுலரிலிருந்து எடுக்கவேயில்லை. எண்ணி முடித்து, படிவத்தில் 263 என்று எழுதினார். நான் வாதாடினேன். அவர் சொன்னது இதுதான்: "பஸ்ஸுக்குள் ஓடித்திரியும் பிள்ளைகளை எண்ணக்கூடாது. இறங்கும்போது படியில் எண்ண வேண்டும்."

சுழல் உச்சிக்குப் போனதும் பருந்துகள் சிறகை ஒடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி வெளியே சறுக்கும். அங்கேதான் படி. நான் ஒரே பறவையை இரண்டு மூன்று தடவை எண்ணியிருந்தேன். மேகம் இருந்தால் வேலை எளிது. வெறும் நீல வானத்தில் அவை மிளகுத்தூள் மாதிரி கரைந்துவிடும்.

ஒரு வாரம் நான் அங்கே போகவில்லை, வெட்கம்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பூங்காவையே சுற்றிக்கொண்டிருக்கும் உள்ளூர்ச் செவ்வால் பருந்து கணக்கில் சேராது. கடந்து போவதுதான் சேரும். மணிக்கு மணி, இனவாரியாக, காற்றும் மேகமும் எத்தனை பேர் பார்த்தோம் என்பதும் குறிக்கப்படும். இங்கே எண்ணியதை அடுத்த இடத்தில் இன்னொருவர் எண்ணுவாரே என்பீர்கள். எண்ணட்டும். உலகத்தில் மொத்தம் எத்தனை என்று சொல்வது நோக்கமல்ல. ஒரே இடத்தில், ஒரே முறையில், வருடா வருடம் எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

நம்பாவிட்டால் பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டனைப் பாருங்கள். அங்கே மனிதர்கள் மலைமுகட்டில் நின்று பருந்துகளைச் சுட்டுக் குவித்தார்கள். 1934இல் பறவைகளைக் காக்கப் போராடிய ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுனைக் காவலுக்கு வைத்தார். காவலுக்கு வந்தவர் எண்ணத் தொடங்கினார். 1935 முதல் 1939 வரை அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசுகள்; 1955 முதல் 1959 வரை 20தான். குஞ்சு பிழைக்கவில்லை என்று அந்தக் குறிப்பேடு சொன்னது. 1962இல் டிடிடி என்ற பூச்சிமருந்துக்கு எதிராக எழுதிய ரேச்சல் கார்சன் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்காட்டினார். 1972இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடைசெய்தது. குத்துமதிப்பாம்!

கழுகு என்றதும் நினைவு வருகிறது, இதைச் சொல்லாமல் விட மாட்டேன். நாற்பது வயதில் கழுகு மலையேறி, அலகைப் பாறையில் உடைத்து, ஐந்து மாதம் காத்திருந்து புது அலகோடு இன்னும் முப்பது வருடம் வாழுமாம். எந்தக் கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கி கிடைத்தாலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். என் மைத்துனர் மாதம் ஒருமுறை அனுப்புகிறார். அலகை உடைத்த கழுகு பட்டினியில் சாகும், ஐயா. காட்டில் வெண்தலைக் கழுகு முப்பது வருடம் இருந்தாலே பெரிய விஷயம். வளையம் மாட்டியவற்றில் 38 வருடம் வாழ்ந்ததுதான் பெயர்பெற்ற பதிவு. இதை ஒரு பிறந்தநாள் விழாவில் எடுத்துச் சொல்லி, நானே கெட்டவனானேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்த நம்மூர் அம்மா ஒருவர் எங்களருகில் நின்று அண்ணாந்து பார்த்தார். "கருடனோ, தம்பி?" என்றார். கருடன் இல்லை, இது வேறு சாதி என்றேன். "அதுக்கென்ன" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சிவப்பு அங்கி அம்மையார் எண்ணுவதை நிறுத்தாமலே அவருக்காக ஓரடி நகர்ந்து இடம் விட்டார்.

ஒருநாள் நீங்களும் வாருங்கள். மழை விட்ட மறுநாள், காலை பத்து மணிக்குமேல், தொப்பியோடு. அந்த அம்மையாரின் கையில் எண்ணுமானி டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தால் வணக்கம்கூடச் சொல்லாதீர்கள். அவராகத் திரும்பும்வரை நில்லுங்கள்.