சைலேஜ் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து கறவை மாடுகளைக் கொட்டிலிலேயே கட்டித் தீனி போடுகிறோம். ஒரு டன் மக்காச்சோளச் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூட்டை கட்டிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) வாங்கினோம். பிரித்தால் தண்ணீர் வடிகிறது. மாடுகள் வயிறாரத் தின்றும் பால் குறைந்துவிட்டது. (செங்குன்றம்)

பதில்: உங்களிடம் தண்ணீரைத் தீவன விலைக்கு விற்றிருக்கிறார்கள். நல்ல சைலேஜில் உலர்பொருள், அதாவது நீர் போக எஞ்சும் தீவனம், 30 முதல் 35 சதவீதம் இருக்க வேண்டும். 22 சதவீதம்தான் இருக்கிறது என்றால், 350 கிலோ உலர்தீவனத்துக்குரிய பணத்தைக் கொடுத்து 220 கிலோவை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று பொருள். கதிர்மணி மாவுப் பதத்துக்கு வருமுன்பே பயிரை அறுத்து மூட்டை கட்டினால் இப்படித்தான் ஆகும். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் அந்தச் சரக்கு வேண்டாம், உள்ளங்கை ஈரமாகி, பிடியைத் தளர்த்தியதும் உருண்டை மெல்ல உதிர்ந்தால் பதம் சரி.

குழந்தை தின்னும் பிஸ்கட் பொட்டலத்தில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிட்டாக வேண்டும். ஆனால் நான் பார்த்த சைலேஜ் மூட்டைகளில் எடையைத் தவிர வேறொன்றும் இல்லை. உலர்பொருள் சதவீதம், அறுவடை நாள், மூட்டை கட்டிய நாள் ஆகிய மூன்றையும் உறையில் போடாத வியாபாரியிடம் அவற்றை ரசீதிலாவது எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள்.

பிரிக்காத மூட்டை ஒன்றை அப்படியே வைத்திருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அறிக்கை கையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கு நிற்கும். சுயதொழிலாக, பிழைப்புக்காக மாடு வளர்ப்பவரும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோரே. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

கேள்வி: பூசணம் பிடித்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் போடலாமா? (பொன்னேரி)

பதில்: கூடாது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு சுற்றிலும் பரவியிருக்கக்கூடும். அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு பால் வழியாகக் குடிப்பவர் வரை போய்ச் சேரும். நான் வாங்கிய மூட்டை ஒன்றில் உறையின் ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டையும், அதன் பின்னே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த பூசணமும் இருந்தன. வண்டியில் வந்தபோது கிழிந்திருக்கும் என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். ஆகவே உறையைச் சுற்றிப் பார்க்காமல் வண்டியிலிருந்து இறக்க விடாதீர்கள்.

கேள்வி: தொலைபேசியில் பேசி முழுப் பணமும் அனுப்பினேன். இரவில் இறக்கிவிட்டுப் போனார்கள். எடை குறைகிறது. ரசீது இல்லை. (தாம்பரம்)

பதில்: ரசீது கேட்காமல், எடைமேடைச் சீட்டு பார்க்காமல், முழுப் பணத்தையும் முன்னதாகவே அனுப்புவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, இதே பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: பாலில் புளித்த வாடை வருவதாக வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். (மாதவரம்)

பதில்: சைலேஜின் வாடை பாலில் ஏறாதிருக்க, கறந்த பிறகு அதைப் போடுங்கள்.