ஹெல்மெட்டைக் கழற்றப் போகிறோம், மொட்டை போடலாமா டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 11 மாதம் முடிகிறது. பிறந்தபோதே தலை படகு மாதிரி முன்னும் பின்னும் நீண்டிருந்தது. உச்சியில் எலும்பு முன்கூட்டியே ஒட்டிக்கொண்டது என்று மூன்றாம் மாதம் சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். அதிலிருந்து நாளுக்கு 23 மணி நேரம் ஹெல்மெட்தான். அடுத்த வாரத்தோடு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தோஷம்தான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. பையன் இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறான். எங்களுடையது பழைய வீடு, திரும்பிய பக்கமெல்லாம் கல்லும் படியும். குன்றக்குடியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் வேறு இருக்கிறது. “அப்பவே எண்ணெய் வச்சு தலையை உருவி விட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா” என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.
– காரைக்குடி பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அப்பத்தாவின் பேச்சையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது மனதை அறுத்துக்கொண்டிருக்கும்வரை நான் சொல்லும் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது.

பிறக்கும்போது மண்டையோடு ஒரே ஓடாக இருப்பதில்லை. பல எலும்புத் தகடுகள், நடுவில் மெல்லிய இடைவெளிகள். மூளை வளர வளர தகடுகள் விலகி இடம் கொடுக்கும். உங்கள் மகனுக்கு உச்சியில் முன்பின்னாக ஓடும் கோடு வயிற்றில் இருக்கும்போதே மூடிவிட்டது. பக்கவாட்டில் இடமில்லாததால் தலை நீளவாக்கில் வளர்ந்தது. ஒட்டிப்போன எலும்பை எந்தக் கையாலும் உருவிப் பிரிக்க முடியாது. அப்பத்தா பொய் சொல்லவும் இல்லை. ஒரே பக்கமாகப் படுத்துத் தலை தட்டையான குழந்தைகள் வேறு வகை. படுக்கும் பக்கத்தை மாற்றிவிட்டாலே அந்தத் தட்டை பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துத்தான் உருவியதால் சரியானது என்று நினைத்திருப்பார். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அடுத்தது ஹெல்மெட். இந்தப் பெயரே குழப்பம். பைக் ஓட்டுபவர் போடுவது அடியிலிருந்து காப்பாற்ற. உங்கள் பையன் போட்டிருந்தது ஒரு அச்சு. முன்னும் பின்னும் தலையைத் தொட்டபடி நிற்கும், இரண்டு பக்கமும் காலி இடம் விட்டிருக்கும். அது தலையை அமுக்கவில்லை, வளர்ச்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது. வேலை செய்தது வளர்ச்சிதான். பிறந்தபோது 34, 35 சென்டிமீட்டர் இருக்கும் ஆண் குழந்தையின் தலைச் சுற்றளவு ஒரு வயதில் ஏறக்குறைய 46 ஆகிவிடுகிறது. அடுத்த ஒரு வருடம் முழுக்கவும் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர்தான் கூடும். திருப்பிவிட வளர்ச்சி அதிகம் பாக்கி இல்லை என்பதால்தான் நிறுத்துகிறார்கள்.

அப்படியென்றால் ஆபரேஷனில் வெட்டி எடுத்த அந்த ஒட்டிய எலும்பு இருந்த இடம்? மூளையை மூடியிருக்கும் சவ்வுக்கு இந்த வயதில் புது எலும்பு உண்டாக்கும் சக்தி நன்றாகவே உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த இடம் நிரம்பிவிடும். கடைசி விசிட்டில் ஒன்று மட்டும் கேளுங்கள்: “எங்காவது எலும்பு நிரம்பாமல் மெத்தென்று இருக்கிறதா, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.” இருந்தால் அந்த இடத்தை உங்கள் விரலுக்கும் காட்டச் சொல்லுங்கள். முன் உச்சிக்குழி ஒன்றரை வயதுவரை திறந்திருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நிரம்பிவிட்டது என்றால், உங்கள் வீட்டில் உங்கள் மகனுக்கு இருக்கும் ஆபத்து, நடை பழகும் எந்தப் பிள்ளைக்கும் இருப்பதுதான். அது கொஞ்சமில்லை என்பதும் உண்மை! செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் தவழும் பிள்ளையை நினைத்துக் கட்டவில்லை. வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் கல் விளிம்பு, உயரமான நிலைப்படி, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். முற்றத்தைச் சுற்றி ஆறு மாதத்துக்கு ஒரு தடுப்பு வையுங்கள். விழுந்தபின் இரண்டு மூன்று தடவை வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் மெத்தென்று வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

மொட்டை தாராளமாகப் போடலாம், ஆனால் கழற்றிய மறுநாளே வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வேர்க்குரு இல்லாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. தோல் தெளிய இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். தழும்பு மேட்டை நாவிதரிடம் முன்பே காட்டிவிடுங்கள். புது பிளேடு, அந்த இடத்தில் மெதுவாக. மெத்தென்ற இடம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால், வேண்டுதலைத் தள்ளிப்போடுங்கள். முருகன் கோபிக்க மாட்டார். மொட்டை போடும் அன்றைக்கே காதும் குத்தலாம். எண்ணெய்க் குளியலும் சரி. தடவுங்கள், உருவ வேண்டாம். மூக்கில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் சில இரவுகள் பையன் தூங்காமல் படுத்தலாம். எட்டு மாதப் பழக்கம் அல்லவா.

நான் வற்புறுத்துவது இனி வரும் வருடங்களைத்தான். ஹெல்மெட் போனதும் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. தலை மறுபடி கொஞ்சம் நீளலாம், பெரும்பாலும் அது அழகுப் பிரச்சினை மட்டும்தான். ஆனால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்தும் மண்டைக்குள் அழுத்தம் கூடும். அதனால் சுற்றளவை அளந்து குறித்து வையுங்கள். கூடாமல் நின்றுவிட்டாலோ, காலையில் வாந்தி, தலைவலி, புதிதாக மாறுகண், வந்த பேச்சு குறைவது என்று எது தெரிந்தாலும் காட்டுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும், ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண் டாக்டரிடம் காட்டி உள்நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் சில சமயம் அங்கேதான் முதலில் தெரியும்.

ஹெல்மெட்டைத் தெரிந்தவர் குழந்தைக்கு யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அது உங்கள் மகன் தலைக்கு அளவெடுத்துச் செய்தது. உங்கள் ஊர் வீடுகளில் எதைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்? பித்தளைப் பாத்திரங்களோடு அதையும் உள்ளே வையுங்கள்.