லீவர் இறுகிவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: புரோக்கர் மூலம் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கினேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முதல்முறையாக மலைப்பாதைக்குக் கொண்டுபோனேன். கல்லும் சேறுமான பாதை, நடுவில் இரண்டு ஓடைகள். வண்டி நன்றாகவே ஏறியது. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டதால், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தார்ச் சாலையிலும் ஃபோர் ஹையிலேயே (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) ஓட்டி வந்தேன். வளைவுகளில் ஸ்டீயரிங் கனத்தது, டயர் கிறீச்சிட்டது, அடியில் ‘டங்’ என்று சத்தம். இப்போது லீவர் டூ ஹைக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வரவே மாட்டேன் என்கிறது. புரோக்கர் அனுப்பிய மெக்கானிக், “டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, செகண்ட்ஹேண்டில் முழு யூனிட் இருக்கு, நாளைக்கே மாட்டிடலாம்” என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள் எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை. முறுக்கு ஏறி இறுகியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அதை விடுவிக்கும் வழி. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, பத்து மீட்டர் போல மெதுவாக ரிவர்ஸில் போங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, லீவரை இதமாக டூ ஹை பக்கம் அழுத்துங்கள். காலால் உதைப்பது, சுத்தியலால் தட்டுவது எல்லாம் வேண்டாம். வரவில்லையா, சாலையோரத்து மணலிலோ ஜல்லியிலோ கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். அநேகமாக ‘டக்’ என்று விழுந்துவிடும். லீவருக்குப் பதில் திருகு சுவிட்ச் இருக்கும் வண்டிகளில் டேஷ்போர்டு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். நோய் அதேதான், வைத்தியமும் அதேதான்.

ஏன் இப்படி ஆகிறது? வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. அதாவது முன் ஆக்சில் கூடுதல் தூரம் சுற்ற வேண்டும். உங்கள் வண்டி போன்ற பார்ட் டைம் வகையில் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றுவது) ஃபோர் ஹை போட்டதும், ஆக்சில்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். தார்ச் சாலை விடாது. வழுக்க இடமில்லாத அந்த வித்தியாசம், ஈரத்துணியைப் பிழிவதுபோல ஷாஃப்டுகளை முறுக்கிக்கொண்டே போகும். மழையில் நனைந்த தாரும் தார்தான். அதற்கு ஃபோர் ஹை தேவையே இல்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

இதை வண்டி விற்பவர் யாரும் சொல்வதில்லை. ஓட்டுநர் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள், இரண்டாவது லீவர் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் பழைய வண்டி கைமாறும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கையேடுதான். அப்புறம் மக்கள் எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

“என் நண்பர் வருஷக்கணக்கில் தாரில் ஃபோர் ஹையில்தானே ஓட்டுகிறார்” என்று யாராவது கேட்பார்கள் என்பதால், விதிவிலக்கை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு சென்டர் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு, உள்ள வண்டிகள் உண்டு. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் அப்படிப்பட்டது. அது எப்போதுமே நான்கு சக்கரத்திலும்தான் ஓடும், தாரிலும் தடையில்லை. ஆனால் அதிலேயே அந்த அமைப்பைப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கைப் போட்டுவிட்டால் உங்கள் வண்டியின் கதைதான். மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் இன்னும் குழப்பம்: டூ ஹையும் உண்டு, தாரில் ஓட்டக்கூடிய ஃபோர் ஹையும் உண்டு, பூட்டிய ஃபோர் ஹையும் தனியாக உண்டு. ஆகவே ‘ஃபோர் ஹை’ என்ற எழுத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் காலியான தார்த் திடலில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, நடைவேகத்தில் கொஞ்சம் போய்ப் பாருங்கள். வண்டி இழுத்துப் பிடித்தால் அது பூட்டிய நிலை. உடனே நிறுத்தி மேலே சொன்னபடி விடுவித்துவிடுங்கள். சுசுகி ஜிம்னி போன்ற பார்ட் டைம் வண்டிகளுக்கு இந்த விதிவிலக்கு கிடையாது.

லீவர் விடுபட்டதும் டயர்களைப் பாருங்கள். வண்டியைப் பளிச்சென்று காட்ட இரண்டு டயரை மட்டும் புதிதாகப் போட்டு விற்பது புரோக்கர்களின் பழைய வித்தை. முன்னே தேய்ந்த டயர், பின்னே புது டயர் என்றால் சுற்றளவு வேறுபடும். நேர் சாலையில்கூட முறுக்கு ஏறும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் தூரத்தை அளந்து முன்னையும் பின்னையும் ஒப்பிடுங்கள். காற்றழுத்தம் கையேட்டில் சொன்னபடி இருக்கும்போதுதான் இதை அளக்க வேண்டும்.

இனி அந்த ‘முழு யூனிட்’. பழைய யூனிட்டில் கியர்களின் பல் விகிதமும், ஷாஃப்ட் செருகும் பல்வரிசையான ஸ்பிளைனும் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பது ஒரு கேள்வி. அது எத்தனை முறை தண்ணீரில் மூழ்கியது என்பது யாரும் பதில் சொல்லாத கேள்வி. இதைவிட மோசம், உங்கள் நல்ல பெட்டியைக் கழற்றி, “பழசுக்கு இவ்வளவு கழித்துக்கொள்கிறேன்” என்று எடுத்துப்போவார்கள். அதைக் கழுவி பெயின்ட் அடித்தால் அடுத்த ஆளுக்கு செகண்ட்ஹேண்ட் யூனிட் தயார். இந்தச் சுழற்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது லீவர் அல்ல, அந்த இரண்டு ஓடைகள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் (காற்று போய்வரும் துளை) சேறு அடைத்துக் கிடந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வண்டியை ஓர் இரவு நிறுத்திவையுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும். காலையில் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி முதல் சொட்டுகளைப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வழியிருக்காது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் முழுவதும் மாற்றுங்கள், கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். பிரீதரைச் சுத்தம் செய்து, ஷாஃப்டில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கும் இடமெல்லாம் புது கிரீஸ் அடியுங்கள். சர்வீஸ் கவுண்டரில் “இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லையே” என்பார்கள். தண்ணீருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. கடினப் பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை கையேட்டின் பின்பக்கங்களில் இருக்கும், அதைப் புரட்டத்தான் ஆள் இல்லை.

டூ ஹைக்கு வந்த பிறகும் கிளம்பும்போது ‘டங்’ கேட்டால், சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்டின் நுனியில் மடங்கும் மூட்டான கிராஸ் ஜாயிண்டிலேயே ஆட்டம் தெரிந்தால் தேய்ந்தது அதுதான். அது சின்ன வேலை.

டிரான்ஸ்ஃபர் கேஸ் நிஜமாகவே போனால் அறிகுறிகள் வேறு: நேர் சாலையில் டூ ஹையிலும் அரைக்கும் சத்தம், ஃபோர் ஹை தானாகக் கழன்றுகொள்வது, டிரெய்ன் பிளக்கில் உலோகச் சில்லுகள். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிவது சாதாரணம், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் மசியாதீர்கள். சில்லுகள் வந்தால் மட்டும் கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய், உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். செயின் வகைப் பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் செயின் நீண்டிருக்கும், அல்லது ஒரு பேரிங் போயிருக்கும். அவற்றைத் தனியாகவே மாற்றலாம்.