சொல் தேடும் கடற்கன்னி

அன்புள்ள ஐயா,

என் ஏழு வயது மகள் டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' கார்ட்டூன் படத்தில் வரும் 'பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்' ('உன் உலகில் ஒருத்தியாக') பாட்டைக் காலை முதல் இரவு வரை பாடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் இளவரசனுக்காக வீட்டையும் குரலையும் துறக்கிற பெண்ணின் ஏக்கத்தை ஒரு குழந்தை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? நீங்கள் ஒருமுறை அந்தப் பாட்டைப் பாராட்டியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தன் கடலடிக் குகையில் அந்தப் பாட்டைப் பாடும்போது கடற்கன்னி ஏரியல் இளவரசனைப் பார்த்திருக்கவே இல்லை. கப்பலும் புயலும் கரையில் மயங்கிக் கிடக்கும் இளவரசன் எரிக்கும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. குகையில் அவள் ஏங்குவது 'அந்த உலக'த்துக்காக. கரையில், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதே மெட்டில் சில வரிகளைத் திரும்பப் பாடும்போதுதான் 'அந்த' என்பது 'உன்' என்று மாறுகிறது. பாட்டின் தலைப்பை அந்தச் சிறிய துண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் தலைப்புதான்.

அப்படியானால் குகையில் அவளுக்கு என்ன குறை? சொற்கள். மூழ்கிய கப்பல்களிலிருந்து முள்கரண்டியும் புத்தகமும் இன்னும் என்னென்னவோ சேர்த்து வைத்திருக்கிறாள். பல பொருள்களுக்குப் பெயர் தெரியாது. மனிதர்கள் எதை வைத்துக்கொண்டு நடக்கிறார்களோ அதன் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. ஒரு கணம் தேடித்தான் 'பாதம்' என்ற சொல்லைப் பிடிக்கிறாள். 'தெரு'வுக்கும் அதே திணறல். நெருப்பு என்றால் என்ன, அது ஏன் எரிகிறது என்று கேட்கிறாள். கடலடியில் இருப்பவள் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே இதுதான் ஆகப் பெரியது. ஹோவர்ட் ஆஷ்மன் எழுதிய வரிகள் இவை. பாட்டு தொடங்குவதும் ஏறக்குறைய பேச்சுபோலத்தான். ஆலன் மென்கனின் மெட்டு அவசரப்படாமல் அவளுடைய யோசனையின் பின்னாலேயே போகிறது. தரையில் மகள்களைக் கண்டிக்க மாட்டார்கள் என்று வேறு நம்புகிறாள், பாவம். (இந்த வரி உங்களை உறுத்தினால் நான் பொறுப்பல்ல.)

ஆஷ்மன் நாடக மேடையிலிருந்து வந்தவர். இசை நாடகங்களில் கதாநாயகி தொடக்கத்திலேயே எங்காவது உட்கார்ந்து தன் ஆசையைப் பாடியாக வேண்டும் என்பது அவர் நன்கு அறிந்த மரபு. அந்த ஆசை தெரிந்தால்தான் பிறகு நடப்பதெல்லாம் நமக்கு வலிக்கும். இதை டிஸ்னியின் அன்றைய ஸ்டூடியோ தலைவர் ஜெஃப்ரி காட்சென்பெர்க்குக்குப் புரியவைப்பதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. படம் முடியாத நிலையில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது இந்த இடத்தில் அவர்கள் நெளிந்தார்களாம். ஒரு குழந்தைக்குத் திரையைவிடக் கொட்டிப்போன பாப்கார்ன் முக்கியமாகிவிட்டது. பாட்டை வெட்டுங்கள் என்றார் காட்சென்பெர்க். ஆஷ்மனும் இயக்குநர்களும் ஏரியலை வரைந்த கிளென் கீனும் விடவில்லை. 1939-இல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்திலும் 'ஓவர் தி ரெயின்போ' பாட்டை இப்படித்தான் வெட்டப் பார்த்தார்கள். நல்ல வேளையாக இரண்டும் தப்பின.

படம் 1989-இல் வந்தது. ஆஸ்கர் வாங்கியது 'அண்டர் தி சீ'. 'கிஸ் தி கேர்ள்' பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. நம் பாட்டுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை. ஆஷ்மன் 1991 மார்ச்சில், நாற்பது வயதில், எய்ட்ஸால் இறந்தார்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. பெயர்களுக்கும் கேள்விகளுக்கும் அலைந்தவள் குரலை விற்றுக் கால்களை வாங்கி, மூன்று நாளுக்குள் ஒரு முத்தம் பெற வேண்டிய நிலைக்கு வருவது கதையின் சறுக்கல் என்றுதான் நானும் நினைக்கிறேன். நெருப்பைப் பற்றிய கேள்விக்குப் படத்தில் யாரும் பதில் சொல்வதே இல்லை. ஆனால் அந்தக் கணக்கைக் குகைப் பாட்டின் தலையில் கட்டாதீர்கள்.

ஏரியலுக்குக் குரல் கொடுத்த ஜோடி பென்சன், ஒலிப்பதிவின்போது விளக்குகளை அணைக்கச் சொல்லி இருட்டில் பாடினார். ஆஷ்மன் பக்கத்தில் நின்று, சத்தத்தைக் குறைத்து உணர்ச்சியைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் 'பாதம்' வருமிடத்தில் உங்கள் மகள் சொல்லைத் தேடுவதுபோல் நிறுத்துகிறாளா, ஒரே மூச்சில் பாடிக் கடந்துவிடுகிறாளா? கவனித்து எழுதுங்கள்.