கோல் போடாதவருக்கு 350 கோடி

வாசகர் கடிதம்:

வணக்கம் அண்ணே,

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி இங்கிலாந்துக் கால்பந்து பிரீமியர் லீக் ஓடும்போது அப்பச்சியும் கூட உட்கார்ந்து பார்ப்பார். அவருக்கு ஆட்டம் பாதிதான் புரியும், காசுக் கணக்கு முழுதாகப் புரியும். 2023 ஜனவரியில் லீட்ஸ் யுனைடெட், ஜார்ஜினியோ ருட்டர் என்ற ஸ்ட்ரைக்கரை, அதாவது கோல் போடுவதற்கென்றே முன்னால் நிற்கிற ஆளை, வாங்கிய கதையைச் சொன்னேன். எல்லாம் சேர்ந்தால் 35 மில்லியன் பவுண்டு வரை போகிற பேரம். பவுண்டுக்கு 100 ரூபாய் என்று போட்டாலும் 350 கோடி. அந்த சீசனில் லீக்கில் அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை, லீட்ஸ் கடைசி இடங்களில் முடித்துக் கீழ் லீக்குக்கு இறங்கிவிட்டது. அதே மாதம் சவுத்தாம்ப்டன், பால் ஒனுவாச்சுவை வாங்கியது. அவரும் பூஜ்யம், அவர்களுக்குக் கடைசி இடம். "முதல் போட்டவனுக்குப் புத்தி எங்கே போச்சு? நம்ம ஐயா ரங்கூனில் இப்படிக் கடன் கொடுத்திருந்தா வீட்டு வளவுல ஒரு தூண் மிஞ்சியிருக்குமா?" என்கிறார் அப்பச்சி. எனக்கும் அதே கேள்விதான். கீழே இறங்கும் பயத்தில் இருக்கிற கிளப்காரர்கள் ஏன் வருஷா வருஷம் இதையே செய்கிறார்கள்? எப்போதாவது பலித்திருக்கிறதா? நம்ம பக்கம் யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள தம்பி,

அப்பச்சியின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அவர் கொடுத்த காசை மட்டும் பார்க்கிறார், கொடுக்காவிட்டால் என்ன போகும் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடித்தாலும் டிவி பணம், பரிசுப் பணம் என்று 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் வந்துவிடுகிறது. ஒரு படி கீழே, சாம்பியன்ஷிப்பில், சாதாரண கிளப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. இறங்கியவர்களுக்கு பாராசூட் பணம் என்று ஒன்று கொடுப்பார்கள், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிடும் (ஏறிய வேகத்தில் அடுத்த சீசனே இறங்கியவர்களுக்கு இரண்டு வருஷம்தான்). அதனால் 30 மில்லியன் போட்டு மேலேயே இருந்துவிட வாய்ப்பு கொஞ்சம் கூடினாலும் போதும் என்று முதலாளிக்குத் தோன்றுவதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை.

இன்னொன்று, அந்த 30 மில்லியன் கணக்குப் புத்தகத்தில் 30 மில்லியனாக ஏறாது. ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டால் வருஷத்துக்கு ஆறு என்று பிரித்து எழுதுவார்கள். விற்ற கிளப்புக்கும் பெரும்பாலும் தவணையில்தான் கொடுப்பார்கள். இப்படிப் பிரித்து எழுதுவதில் செல்சி ரொம்பத் தூரம் போய், முட்ரிக் என்ற ஆட்டக்காரருக்கு எட்டரை வருஷ ஒப்பந்தமே போட்டது. 2023 டிசம்பரில்தான் பிரீமியர் லீக், ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் பிரித்து எழுதக்கூடாது என்று நிறுத்தியது. ஆக, ஜனவரி மாதம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவது 350 கோடி இல்லை, இந்த வருஷத்துக்கு 60-70 கோடி.

அதனால் பந்தயம் கட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். எப்போது கட்டினார்கள், யாரை நம்பிக் கட்டினார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

லீட்ஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். ருட்டர் வந்தது 2023 ஜனவரி நடுவில். பயிற்சியாளர் ஜெஸ்ஸி மார்ஷை வீட்டுக்கு அனுப்பியது பிப்ரவரி 6. அப்புறம் ஹவி கிராசியா வந்தார், மே மாதம் அவரும் போய் கடைசி நாலு ஆட்டத்துக்கு சாம் அலர்டைஸ் வந்தார். மூன்று பேருக்கும் மூன்று விதமான ஆட்டம், அதில் இருபது வயதுப் பையன் ருட்டர் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சவுத்தாம்ப்டன் இதைவிட மோசம். ஜனவரி கடைசி நாளில் ஒனுவாச்சுவையும் கமால்தீன் சுலேமானாவையும் வாங்கினார்கள், பிப்ரவரி 12 அன்று பயிற்சியாளர் நேதன் ஜோன்ஸை நீக்கினார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை! கடனை யாருக்காக வாங்கினோமோ அவனையே கடையை விட்டுத் துரத்திவிட்டு, சரக்கை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறார்கள். சுலேமானா தன் முதல் இரண்டு லீக் கோல்களைப் போட்டது சீசனின் கடைசி நாளில், லிவர்பூலுடன் 4-4 ஆட்டத்தில். அதற்குள் அவர்கள் இறங்குவது உறுதியாகிப் பல நாள் ஆகியிருந்தது.

ஒனுவாச்சு ஒன்றும் மோசமான ஆட்டக்காரர் இல்லை. ஆறடி ஏழு அங்குலம், பெல்ஜியத்தில் கெங்க் கிளப்புக்கு 2020-21 சீசனில் லீக்கில் மட்டும் 33 கோல். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நெதர்லாந்து, பெல்ஜியம் லீகுகளில் மேலே இருக்கிற அணி எதிராளியின் பாதியிலேயே பந்தை வைத்துக்கொண்டு விளையாடும், பக்கவாட்டிலிருந்து கிராஸ் மேல் கிராஸ் வரும், அதில் நாலு விட்டாலும் ஐந்தாவதை உள்ளே தள்ளிவிடலாம். பிரீமியர் லீகில் பதினெட்டாவது இடத்தில் இருக்கிற அணியில் அதே ஆள் முக்கால்வாசி நேரம் தன்னந்தனியாக நிற்பான், பந்து வருவதே அபூர்வம், வந்தாலும் முதுகில் இரண்டு டிஃபென்டர். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு, அதை விட்டால் மறுநாள் பேப்பரில் "350 கோடி வீண்". மிடில்ஸ்பரோ 2008 ஜனவரியில் ஹீரன்வீனிலிருந்து அஃபோன்சோ ஆல்வ்ஸை வாங்கியதும் இப்படித்தான். நெதர்லாந்தில் ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் போட்ட மனிதர். மிடில்ஸ்பரோவில் மான்செஸ்டர் சிட்டியை 8-1 என்று நொறுக்கிய அன்று மூன்று போட்டார், ரசிகர்கள் பூரித்துப்போனார்கள், 2009-ல் அணி இறங்கிவிட்டது. திரும்பி ஏற 2016 ஆகிவிட்டது.

அப்படியானால் பிரீமியர் லீகிலேயே நிரூபித்தவனை வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், அவன் வர வேண்டுமே. பத்தொன்பதாவது இடத்தில் இருக்கிற கிளப்புக்கு நல்ல ஸ்ட்ரைக்கர் எதற்கு வருவான்? வருகிறவன் வயதானவனாக இருப்பான், சம்பளம் அதிகம், திரும்ப விற்க முடியாது. சண்டர்லேண்டுக்கு ஒருமுறை அது வாய்த்தது. 2013-ல் ஏஇசட் அல்க்மாரிலிருந்து ஜோசி ஆல்டிடோரை வாங்கினார்கள், நெதர்லாந்தில் கோல் குவித்தவர், இங்கே லீக்கில் மொத்தமே ஒரு கோல். 2015 ஜனவரியில் அவரை டொரண்டோவுக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து 32 வயது ஜெர்மெய்ன் டிஃபோவைக் கொண்டுவந்தார்கள். 2015-16-ல் டிஃபோ 15 கோல், அணி தப்பித்தது. அடுத்த வருஷமும் அதே 15 கோல், ஆனால் அணி கடைசி இடத்தில் இறங்கியது. டிஃபோ என்ன செய்வார், பின்னால் ஓட்டை!

எனக்குப் பிடித்த கதை 2022 ஜனவரி. நியூகாசில் முதல் 14 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஜனவரியில், தங்களைப் போலவே இறங்கும் பயத்தில் இருந்த பர்ன்லியின் ஸ்ட்ரைக்கர் கிறிஸ் வுட்டுக்கு, இவ்வளவு கொடுத்தால் விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்த 25 மில்லியனைத் தூக்கிக் கொடுத்தார்கள். பர்ன்லியால் மறுக்கவே முடியாது. வுட்டுக்கு அப்போது முப்பது வயது, எல்லோரும் சிரித்தார்கள், சீசன் முடிவதற்குள் அவர் போட்டதும் இரண்டே கோல்தான். ஆனால் பர்ன்லி அவருக்குப் பதில் வோல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து வெக்ஹோர்ஸ்டை 12 மில்லியனுக்கு வாங்கியது, அவரும் இரண்டு கோல். கடைசி நாளில் பர்ன்லி தன் சொந்த மைதானத்தில் 2-1 என்று தோற்று இறங்கியது, ஜெயித்தது நியூகாசில். நியூகாசிலைக் காப்பாற்றியது வுட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே மாதம் வந்த டிரிப்பியர், டான் பர்ன், புரூனோ கிமரேஷ், அதாவது பின்வரிசையும் நடுவரிசையும்தான். பதினோராவது இடத்தில் முடித்தார்கள். ஜனவரியில் என்னிடம் 30 மில்லியன் கொடுத்தால் நானும் அங்கேதான் போடுவேன். ஆனால் பின்வரிசையில் தடுக்கிற சென்டர்பேக்கை வாங்கினால் ரசிகர்கள் யாரும் விமான நிலையத்துக்கு மாலையோடு போவதில்லையே.

பலித்ததும் உண்டு. 2022 கோடையில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட், யூனியன் பெர்லினிலிருந்து தைவோ அவோனியியைச் சுமார் 17 மில்லியனுக்கு வாங்கியது. இங்கிலாந்தில் ஒரு லீக் ஆட்டம் ஆடாதவர். சீசனின் கடைசி நாலு ஆட்டங்களில் ஆறு கோல், அதில் அர்செனலை 1-0 என்று வீழ்த்திய கோலும் ஒன்று, அன்றுதான் ஃபாரஸ்ட் பிழைத்தது உறுதியானது. கோடையில் வந்ததால் அவருக்குப் பழக நேரம் கிடைத்தது, பயிற்சியாளர் ஸ்டீவ் கூப்பரும் வருஷம் முழுக்க மாறவில்லை. அதற்கும் விலை இருந்தது: அந்தக் கோடையில் இருபதுக்கு மேற்பட்டவர்களை வாங்கிக் குவித்ததன் செலவு லீக் வைத்திருந்த நஷ்ட வரம்பைத் தாண்டி, 2024 மார்ச்சில் நாலு புள்ளிகளைப் பறிகொடுத்தார்கள். அப்போதும் தப்பித்தார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, அப்பச்சியிடம் இப்போது ருட்டரின் மீதிக் கதையைச் சொல்லுங்கள். இறங்கிய லீட்ஸ் அவரை வைத்துக்கொண்டது. சாம்பியன்ஷிப்பில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆடினார், கோல் கொஞ்சம்தான், ஆனால் மற்றவர்களுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர் என்று தெரிந்தது. 2024 ஆகஸ்டில் பிரைட்டன் 40 மில்லியன் கொடுத்து அழைத்துப்போனது. முதலும் வந்தது, மேலே கொஞ்சம் வட்டியும் வந்தது! நியூகாசில் 2019-ல் 40 மில்லியனுக்கு வாங்கிய ஜோயலின்டனும் அப்படித்தான். ஸ்ட்ரைக்கர் போடுகிற ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டு முதல் சீசனில் லீக்கில் இரண்டு கோல், அப்புறம் பயிற்சியாளராக எட்டி ஹவ் வந்து நடுவரிசைக்கு மாற்றியதும் ஆளே வேறாகிவிட்டார். ஆளைத் தேர்ந்தெடுத்தவர்களின் கண் பழுது இல்லை. நாலு மாதத்தில் தவணை முடிகிற கிளப், நாலு வருஷத்தில் பழுக்கிற ஆளை வாங்குகிறது, அவ்வளவுதான்.

ஐயா ரங்கூனில் கொடுத்த கதைக்கு வருகிறேன், அப்பச்சி கோபித்துக்கொள்ளக்கூடாது. பர்மாவில் வட்டிக்கடை வைத்த நம்ம செட்டியார்கள் பையனைப் பெட்டியடியில் உட்கார வைத்து, அடுத்தாளாக்கி (உதவியாளாக்கி), வருஷக்கணக்கில் பார்த்த பிறகுதான் மேலாளாக, அதாவது கடைப் பொறுப்பாளராக, அனுப்பினார்கள், அதில் சந்தேகமில்லை. கொடுத்த கடனையும் நிலத்தை ஈடு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். ஆனால் 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தபோது என்ன ஆனது? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு என்றிருந்த செட்டியார் நிலம் 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. யாரும் விரும்பி வாங்கியதில்லை, கடன் திரும்பாமல் கைக்கு வந்த நிலம், விற்கப் போனால் விலை இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அதையும் போட்டுவிட்டு நடந்தார்கள். ஒவ்வொரு கடனும் தனியாகப் பார்த்தால் ஒழுங்கான கடன்தான். இறங்கிய மறுநாள் சவுத்தாம்ப்டன் கையில் ஒனுவாச்சு இருந்த நிலையும் கிட்டத்தட்ட அதுதான். பேரேட்டில் ஒரு விலை, சந்தையில் வேறு விலை. கடைசியில் துருக்கியின் டிராப்சன்ஸ்போருக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பினார்கள்.

நம்ம பக்கம் என்று கேட்டீர்களே. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, 2018-19-ல் இந்தியாவின் ஐ-லீக் கால்பந்து சீசனுக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து சிலரைக் கொண்டுவந்தது. அவர்களோடு வந்தவர் பெட்ரோ மான்சி, உருகுவேக்காரர், ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர். இங்கே யாருக்கும் அவர் பெயர் தெரியாது. பின்னால் சாண்ட்ரோ, நெஸ்டர் என்று பந்து கொடுக்கக் கூடவே வந்த ஆட்கள், அக்பர் நவாஸ் என்று சீசன் முழுக்க ஒரே பயிற்சியாளர். மான்சி 21 கோல் போட்டார், ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திக் கோப்பையை வாங்கினார்கள். அடுத்த சீசன் பாதியிலேயே அவர் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார், அதையும் சேர்த்தே அப்பச்சியிடம் சொல்லிவிடுங்கள்.