ஓஷ் நகரம்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

கிர்கிஸ்தானின் தெற்கே உள்ள ஓஷ் நகரில் நான்கு ஆண்டுகள் இருந்தேன் என்று ஒரு வரி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

கேள்வி: ஓஷுக்கு 3000 வயதாமே?

பதில்: 2000-இல் அரசே விழா எடுத்தது. சுலைமான் மலைச் சரிவில் கிடைத்த வெண்கலக் காலக் குடியிருப்பை வைத்துப் போட்ட கணக்கு அது. அன்று முதல் நகரமாகவே இருந்தது என்றால் நான் ஒப்ப மாட்டேன். மலையின் பெருமையில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. ஊர் நடுவே தனிப் பாறையாக எழுந்து நிற்கிறது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அங்கே ஒரு பாறையில் சறுக்குவார்கள். எத்தனை தலைமுறை சறுக்கியதோ, கை வைத்தால் வழுக்குகிறது.

கேள்வி: பாபருக்குத் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 1483-இல் பிறந்தது பக்கத்து அந்திஜானில். பதின்வயதில் இந்த மலைமேல் சிறு மண்டபம் கட்டினார். இப்போது நாம் பார்ப்பது பிற்காலத்தில் திரும்பக் கட்டியது.

கேள்வி: உஸ்பெக்குகள் நிறைந்த ஊர் கிர்கிஸ்தானுக்கு எப்படிப் போனது?

பதில்: சமவெளியில் உஸ்பெக்குகள் உழுதார்கள், கடை வைத்தார்கள். மலையில் கிர்கிஸ்கள் ஆடு மேய்த்தார்கள். இருவருக்கும் சந்தை ஓஷ்தான். 1924-இல் சோவியத் அரசு இனவாரியாக எல்லை பிரித்தபோது, தெற்கத்திக் கிர்கிஸ்களுக்கும் ஒரு நகரம் வேண்டும் என்ற வாதம் எடுபட்டது. 1990-இல் நிலத் தகராறு கலவரமாக வெடித்தது. 2010 ஜூனில் நடந்தது அதைவிடக் கொடியது; நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் உஸ்பெக்குகள். அந்த ஜூனைப் பற்றிப் பேச்சு வந்தால் என் வீட்டுக்கார அம்மா தேநீர் எடுத்துவர எழுந்துபோய்விடுவார். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஊரை ஒட்டி, உஸ்பெகிஸ்தானுக்குப் போகும் வழியிலுள்ள தோஸ்துக் எல்லைச் சாவடி 2017-இல் மீண்டும் திறந்தது. தோஸ்துக் என்றால் நட்பு!

கேள்வி: மக்களுக்கு என்ன பிழைப்பு?

பதில்: சோவியத் காலத்தில் பருத்தி ஆலை, பட்டு ஆலை. 1991-க்குப் பின் அவை நொடித்தன. இப்போது வியாபாரமும் ரஷ்யாவும்தான். சீனச் சரக்கு இர்கெஷ்தாம் கணவாய் வழியாக அருகிலுள்ள காரா-சூ மொத்தச் சந்தைக்கு வருகிறது. இளைஞர்கள் ரஷ்யாவில் கட்டட வேலை செய்து அனுப்பும் பணத்தில் வீடுகள் எழுகின்றன.

கேள்வி: மகன் அங்கே மருத்துவம் படிக்கப் போகிறான். சாப்பாடு எப்படி, ஐயா?

பதில்: ஓஷ் அரசுப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் ஏராளம், துணைக்குக் குறைவிருக்காது. ஊர்ச் சாப்பாட்டில் சம்சாவைத் தவறவிட வேண்டாம். ஆட்டிறைச்சியும் வெங்காயமும் பொதிந்து, மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். சோற்றுக்குத்தான் மனம் ஏங்கும். பக்கத்து உஸ்கென் அரிசி செம்பழுப்பு நிறம். கேரட்டும் இறைச்சியும் சேர்த்த புலாவுக்கென்றே விளைந்தது. அதில் ஒருமுறை சாம்பார் சாதம் கிளறினேன். சாம்பார் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். பையன் பெட்டியில் இரண்டு கிலோ பொன்னி வைத்து அனுப்புங்கள்.